பெயர் மாறி வந்த காட்டு லில்லி: இனம் கண்டு வளர்க்க ஒரு வழிகாட்டி

வெளிநாட்டு விற்பனையாளரிடம் காட்டு லில்லிக் கிழங்கு வாங்கும்போது, பொட்டலத்தின் மேல் இருப்பது விற்றவர் சொன்ன பெயர், அவ்வளவுதான். செடியின் பெயரைச் செடிதான் சொல்ல வேண்டும். பெரும்பாலும் பூத்த பிறகே சொல்லும். அதுவரை ஓராண்டோ மூன்றாண்டோ அதை உயிரோடு வைத்திருந்து, ஒவ்வொரு பருவத்திலும் அது காட்டும் அடையாளங்களைக் குறித்து வைப்பதே உங்கள் வேலை.

இந்தக் குழப்பம் புதிதல்ல. இன்று தோட்டங்களில் பெயர் பெற்ற லிலியம் ரெகாலேயை (லிலியம் என்பது லில்லியின் தாவரவியல் பெயர்) தாவர சேகரிப்பாளர் இ. எச். வில்சன் 1903-ல் சீனாவின் மின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கண்டார். ஐரோப்பியத் தோட்டங்களுக்கு அது முதலில் வந்தது லிலியம் மிரியோஃபில்லம் என்ற தவறான பெயரில். சொந்தப் பெயர் கிடைக்க 1912 ஆயிற்று. அறிந்தவர்கள் கையிலேயே அப்படி என்றால், பூ இல்லாத பருவத்தில் கிழங்கைத் தோண்டி, பெயரை இன்னொருவரிடம் கேட்டு, படத்தை வேறெங்கிருந்தோ எடுத்துப் போட்டு விற்பவர்களிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

பெயர் பொருந்தாததெல்லாம் ஏமாற்று என்றும் நினைக்க வேண்டாம். புலி லில்லியை லிலியம் டைக்ரினம் என்றும் லிலியம் லான்சிஃபோலியம் என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றே, இரண்டாவதுதான் இன்று ஏற்கப்பட்ட பெயர். பழைய வணிகத்தில் அதே லான்சிஃபோலியம் என்ற பெயர் லிலியம் ஸ்பெசியோசத்துக்கும் ஓடியது. நோமோகாரிஸ் என்று தனியாக இருந்த இனங்கள் இப்போது லிலியத்துக்குள் வந்துவிட்டன. லிலியம் ஜைகான்டியம் என்று விற்பது உண்மையில் கார்டியோகிரைனம். ஆகவே விற்பனையாளருக்குக் கடிதம் எழுதும் முன், இரண்டு பெயரும் ஒரே செடியுடையதா என்று கியூ தாவரவியல் தோட்டத்தின் இணையப் பட்டியலில் பார்த்துவிடுங்கள்.

வாங்கும் முன்

விளம்பரப் படத்தை இணையப் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். அதே படம் வேறு பத்து இடங்களில் வேறு பெயர்களோடு வந்தால் விலகுங்கள். நீல லில்லி, வானவில் லில்லி என்பவை இயற்கையில் இல்லை. அவற்றை விற்பவரிடம் மற்ற எதையும் வாங்காதீர்கள். பூவின் படம் வேண்டாம், கிழங்கின் படம் அனுப்புங்கள், பக்கத்தில் அளவுகோலும் இன்றைய தேதி எழுதிய தாளும் இருக்கட்டும் என்று கேளுங்கள். உண்மையில் கையில் சரக்கு வைத்திருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை.

உங்கள் நாட்டின் இறக்குமதி விதியையும் முன்பே பார்க்க வேண்டும். உயிருள்ள கிழங்குக்குப் பெரும்பாலான நாடுகள் தாவர நலச் சான்றிதழ் கேட்கும். சில நாடுகள் முன் அனுமதியும் கேட்கும். "அன்பளிப்பு" என்று எழுதி அனுப்புகிறேன் என்பவர் உங்களைத்தான் சிக்கலில் மாட்டுகிறார். தடுக்கப்பட்ட பொட்டலம் போகட்டும். தடுக்கப்படாமல் உள்ளே வரும் நோய் அக்கம்பக்கத்துத் தோட்டங்களையும் கெடுக்கும்.

காட்டில் தோண்டிய கிழங்கை வாங்காதீர்கள். ஒரே பொட்டலத்தில் அளவுகள் தாறுமாறாக இருப்பது, செதில்களுக்கிடையில் களிமண்ணும் கல்லும் இறுகியிருப்பது, மண்வெட்டி வெட்டிய காயம், பழைய தடித்த வேர்கள் அறுந்து நிற்பது ஆகியவை அதன் அறிகுறிகள். வளர்த்த கிழங்குகள் பெரும்பாலும் ஒரே அளவாக, சுத்தமாக இருக்கும். குறுகிய பரப்பில் மட்டும் வாழும் ஓர் இனத்தைப் பொட்டலம் பொட்டலமாகத் தோண்டினால் அந்த மலைச்சரிவில் அது மிஞ்சாது. அதனால் முடிந்தவரை விதையாக வாங்குங்கள். விலை குறைவு, மூல இடத்துக்குச் சேதம் குறைவு, லில்லியின் முக்கிய வைரஸ்கள் விதை வழியே கடப்பதும் இல்லை.

வீட்டில் பூனை இருந்தால் ஒரு எச்சரிக்கை: லிலியம் இனங்களின் இலை, பூ, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தை அழிக்கும். பெயர் தெரியாத லில்லிக்கும் இது பொருந்தும்.

பொட்டலம் வந்த அன்று

முதலில் இது லிலியம்தானா என்று பாருங்கள். லிலியம் கிழங்குக்கு மேல்தோல் கிடையாது. சதைப்பற்றுள்ள செதில்கள் ஒன்றன் மேல் ஒன்றாகத் திறந்தபடி அடுக்கியிருக்கும், அடியில் வேர்த்தட்டு இருக்கும். வெங்காயம் போல் காய்ந்த சருகு சுற்றியிருந்தால் அது ஹிப்பியாஸ்ட்ரம், கிரைனம் வகையாகவோ நோத்தோலிரியனாகவோ இருக்கலாம். விரல் போல் நீண்டு வளைந்த கிழங்கு என்றால் அது செங்காந்தள். கடும் நச்சு, கையுறை போட்டுத் தொடுங்கள்.

விதை என்றால் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். லில்லி விதை பழுப்பான, மெல்லிய, தட்டையான தகடு. நல்ல விதையின் நடுவில் கருவின் கோடு இழை போலத் தெரியும். கோடு இல்லாதது பதர். கறுப்புக் காகிதம் போன்ற விதை ஹிப்பியாஸ்ட்ரம் குடும்பத்தது. உருண்டையான கெட்டி விதை லில்லியே அல்ல.

ஒரு பொட்டலத்தில் ஐந்து கிழங்கு இருந்தால் அவற்றை ஐந்து தனிச் செடிகளாக நடத்துங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று இனங்கள் கலந்து வருவது சாதாரணம். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அடியிலிருந்தும் படம் எடுங்கள். விட்டமும் செதிலின் நிறமும் எழுதுங்கள். நிறத்தை வந்த அன்றே குறிக்க வேண்டும், ஏனென்றால் வெளிச்சம் பட்டால் செதில்கள் செம்மையேறும். ஒயின் நிறமாக மாறும் கிழங்கு ரெகாலே கூட்டத்தை நினைவூட்டும். வெள்ளையாகவே இருப்பது லிலியம் டேவிடையோ புலி லில்லியோ ஆகலாம். லிலியம் ஹென்றியை பெரிதாக, கருஞ்சிவப்பாக இருக்கும். இது குறிப்பு மட்டுமே, முடிவு அல்ல.

பிறகு வேர்த்தட்டை விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் சரி. பழுப்பாக மெத்தென்று இருந்து, செதில்கள் அடியிலிருந்து கழன்று வந்தால் அது ஃபியூசேரியம் அழுகல். அழுகலை வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டி எறியுங்கள். தட்டு முழுக்கப் போயிருந்தால் கிழங்கை விட்டுவிட்டு நல்ல செதில்களை மட்டும் காப்பாற்றுங்கள். செதிலின் மேல் நீலப்பச்சைப் பூஞ்சை மட்டும் படிந்திருந்தால் பயப்பட வேண்டாம், துடைத்தால் போதும். உட்செதில்களில் வெண்முத்துப் போல மெல்ல நகரும் புள்ளிகள் கிழங்குச் சிலந்திகள்; அந்தக் கிழங்கை மற்றவற்றோடு வைக்காதீர்கள். கழுவிய கிழங்குகளைக் கேப்டான் அல்லது தயோபனேட் மெத்தில் பூஞ்சைக்கொல்லிக் கரைசலில், லேபிளில் சொன்ன அளவில் 20–30 நிமிடம் ஊறவைத்து, நிழலில் ஈரம் வற்ற விடுங்கள். காய விடாதீர்கள், தோல் இல்லாத கிழங்கு சீக்கிரம் வாடும்.

நடும் முன் ஒவ்வொரு கிழங்கிலும் வெளிச் செதில்கள் மூன்று நான்கை அடியோடு பிய்த்து எடுத்து வையுங்கள். இது காப்பீடு. செதில்களைப் பூஞ்சைக்கொல்லியில் நனைத்து, ஈரப்பதமான (பிழிந்தால் சொட்டாத) வெர்மிகுலைட்டோடு ஜிப் கவரில் போட்டு, அதே எண்ணை எழுதி 20–22 டிகிரி செல்சியஸில் இருட்டில் வைக்கவும். 6 முதல் 10 வாரத்தில் செதிலின் அடிவிளிம்பில் அரிசி அளவில் குட்டிக் கிழங்குகள் கட்டும். பின்பு அதே கவரை 4 டிகிரியில் 8–12 வாரம் வைத்துத் தொட்டிக்கு மாற்றலாம். தாய்க் கிழங்கு அழுகிப் போனாலும் இனம் கையில் இருக்கும். தாய்க்கு வைரஸ் இருந்தால் குட்டிகளுக்கும் இருக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

தெரியாத செடிக்கு நடுத்தர இடம்

பெயர் உறுதியாகாதவரை எந்த இனத்தின் தனித் தேவைக்கும் போகாதீர்கள். சுண்ணாம்பு சேர்க்க வேண்டாம். அமிலத்தை மிகையாக்கவும் வேண்டாம். பி.எச். 6-க்கும் 6.5-க்கும் இடையில் இருந்தால் பெரும்பாலான லில்லிகள் பொறுத்துக்கொள்ளும். கலவைக்கு: பருமணல், பெர்லைட் அல்லது பியூமிஸ் 2 பங்கு, இலைமக்கு அல்லது பொடித்த பட்டை 2 பங்கு, நல்ல தோட்டமண் 1 பங்கு. தண்ணீர் ஊற்றினால் சில நொடிகளில் இறங்கிவிட வேண்டும். மேலே தேங்கி நின்றால் மணலைக் கூட்டுங்கள். தெரியாத லில்லிகள் சாவது பெரும்பாலும் குளிரிலோ வெயிலிலோ அல்ல, உறங்கும் காலத்து ஈரத்தில்.

வளர்ந்த கிழங்குக்கு 25–30 செ.மீ. ஆழத் தொட்டி வேண்டும். ஆசிய இனங்கள் பல, கிழங்குக்கு மேலே மண்ணுக்குள் நிற்கும் தண்டிலும் வேர் விடும். ஆகவே கிழங்கின் தலைக்கு மேல் 10–12 செ.மீ. மண் இருக்கட்டும். இலையுதிர் காலத்திலேயே தரையோடு இலைக்கொத்து வந்தால் நின்று யோசியுங்கள்: அது லிலியம் கேன்டிடமாக இருக்கலாம். அதற்கு 2–3 செ.மீ. மண்ணே போதும்.

ஒரு தொட்டிக்கு ஒரு கிழங்கு. கிழங்கின் எண்ணைப் பென்சிலால் எழுதிய அலுமினியத் தகடு ஒன்று மேலே, இன்னொன்று மண்ணுக்குள். நட்டதும் ஒருமுறை நன்றாக நீர் விட்டு, முளை தெரியும்வரை மண் லேசான ஈரத்தில் இருந்தால் போதும். உரம் முளைத்த பிறகே, அதுவும் தழைச்சத்துக் குறைவாக.

குளிர்காலம் இல்லாத இடத்தில் வளர்ப்பவர்கள், கிழங்கை ஈரக் கோகோபீட்டில் வைத்துக் குளிர்பெட்டியில் 2–5 டிகிரியில் 6 முதல் 10 வாரம் வைத்தபின் நட வேண்டும். பழங்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. பழம் விடும் எத்திலீன் மொட்டைக் கருக்கும். பூமியின் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்கு வரும் கிழங்குக்கும் பருவம் தலைகீழாகும். குளிர் பெற்றுவிட்ட கிழங்கானால் உடனே நடுங்கள்.

முதல் ஆண்டு எதுவும் முளைக்காமல் போகலாம். தோண்டிப் பாருங்கள்: செதில் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, திரும்ப மூடுங்கள். பயணத்தில் அடிபட்ட கிழங்கு ஒரு பருவம் முழுக்க மண்ணுக்குள்ளேயே இருந்துவிட்டு அடுத்த ஆண்டு எழுவதுண்டு.

முழுதாக ஒரு வளர்பருவம் இந்தத் தொட்டிகள் மற்ற லில்லிகளிலிருந்து விலகியே இருக்க வேண்டும். அசுவினி வராமல் வலை போட்டால் மிக நல்லது.

இலையிலிருந்து பூ வரை: வரிசையாகப் பார்க்க வேண்டியவை

10 மடங்கு காட்டும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பாதி அடையாளங்கள் தெரியாது.

தண்டு கிழங்குக்கு நேர் மேலே எழுந்ததா, அல்லது மண்ணுக்குள் கிடையாக ஓடித் தொட்டியின் ஓரத்தில் தலை காட்டியதா? ஓடியிருந்தால் லிலியம் நேபாலென்ஸ், டூசார்ட்ரை, லீச்லினை போன்றவை கணக்கில் வரும். நேபாலென்ஸ் என்று வாங்கியது கிழங்குக்கு நேர் மேலே முளைத்தால் அங்கேயே சந்தேகம் கொள்ளலாம்; அது பிரிமுலினத்தின் வகையாக இருக்க வாய்ப்புண்டு.

இலைகள் வட்டமாகச் சக்கரம் போல அடுக்கியிருந்தால் மார்டகன், ஹான்சோனை முதலிய கூட்டம், இல்லையேல் வட அமெரிக்க இனங்கள். இதய வடிவில், நீண்ட காம்போடு தரையில் விரிந்தால் அது கார்டியோகிரைனம். பூத்த கிழங்கு செத்து, பக்கக் குட்டிகளை மட்டும் விட்டுப்போகும்.

இலைக்கக்கத்தை லென்ஸால் பாருங்கள். லிலியம் டேவிடையில், ஊசி போன்ற நெருக்கமான இலைகள் தண்டில் சேருமிடத்தில் வெள்ளை முடிக் கொத்து ஒன்று பஞ்சு வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கும். மொட்டின் மேலும் முடி இருக்கும். இந்த ஓர் அடையாளத்தைப் பூவுக்குப் பல வாரம் முன்பே பார்த்துவிடலாம், அதனால் இதைப் பழகிக்கொள்வது பெரிய லாபம். டேவிடையின் யூனிகலர் வகை சீனாவின் லான்ஜோ பகுதியில் உணவுக்காகவே பயிராகிறது. புலி லில்லியும் பிரவுனையின் விரிடுலம் வகையும் அவ்வாறே உணவுக்கும் மருந்துக்கும் பயிரிடப்படுகின்றன. கிலோக் கணக்கில் கிடைக்கும் இந்த மூன்றும் அரிய பெயரில் பொட்டலம் கட்டப்படுவது எளிது. ஆகவே சீனக் காட்டு லில்லி என்று எது வந்தாலும் முதலில் இந்த மூன்றோடு ஒப்பிடுங்கள்.

இலைக்கக்கத்தில் பளபளக்கும் கருங்குண்டுகள் (குட்டிக் கிழங்குகள்), தண்டில் ஒட்டடை போன்ற வெண்முடி: புலி லில்லி. ஆரஞ்சு நிறம், புள்ளிகள், பின்னே சுருண்ட இதழ் எல்லாம் இருந்தும் குண்டுகளே இல்லையென்றால் லீச்லினையின் மாக்சிமோவிச்சை வகையைப் பாருங்கள். கீழ் இலைகள் நீண்டும், பூவுக்குக் கீழே உள்ளவை குட்டையாக அகன்று நெருங்கியும் இருந்தால் ஹென்றியை. அதன் ஆரஞ்சு இதழின் அடியில் பச்சை நிறத் தேன்பள்ளமும் சுற்றிலும் எழும்பிய சதைமுட்களும் இருக்கும். ரோஸ்தார்னை அதன் சாயலிலேயே பூக்கும். இரண்டையும் பிரிப்பது காய்: ரோஸ்தார்னையின் காய் நீண்டு ஒல்லியாக இருக்கும், ஹென்றியையுடையது தடித்திருக்கும். பூ உதிர்ந்ததும் தண்டை வெட்டிவிட்டால் இந்தச் சாட்சி போய்விடும்.

அதிகம் தகராறு வருவது வெள்ளைக் குழல் பூக்களில்தான். மேல் இலைக்கக்கங்களில் குட்டிக் கிழங்குகள் இருந்தால் சார்ஜென்டியே அல்லது சல்ஃப்யூரியம். இல்லையென்றால் பூ விரிந்த நாளிலேயே மகரந்தத்தைப் பாருங்கள். சாக்லேட் பழுப்பு என்றால் பிரவுனை. அதன் மேலிலைகள் அகலமாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருக்கும். பொன்மஞ்சள் என்றால் ரெகாலே, லூகாந்தம் இரண்டில் ஒன்று. இதழ் ஒன்றை ஒதுக்கி மகரந்தத்தாளின் காம்பு அடியை லென்ஸில் பாருங்கள். ஏறக்குறைய வழவழப்பாக இருந்தால் ரெகாலே, அடர்ந்த முடி இருந்தால் லூகாந்தம். இலை புல் போல மெலிந்து, இதழின் வெளிப்புறம் ஊதாச் சாயம் ஓடினால் ஃபார்மோசானம். இலை அகன்று, வெளிப்புறமும் வெள்ளையாக இருந்தால் லாங்கிஃப்ளோரம். இவ்விரண்டும் வெப்பத்தைத் தாங்குவதால் மற்றவை தோற்கும் இடத்திலும் வளரும்.

முதல் பூவை வைத்து உயரத்தையும் பூ எண்ணிக்கையையும் தீர்மானிக்காதீர்கள். புதிதாக வந்த கிழங்கு பாதி உயரத்தில் ஒற்றைப் பூ விட்டு நிற்கும், நிறமும் வெளிறலாம். முடியும் குண்டும் தேன்பள்ளமும் மாறுவதில்லை, அவற்றை நம்புங்கள். நடுத்தண்டு இலை ஒன்றையும் பிரித்த பூ ஒன்றையும் செய்தித்தாளில் அழுத்திக் காய வையுங்கள். இதழின் நீள அகலத்தைப் பச்சையாக இருக்கும்போதே அளந்து எழுதுங்கள். கியூவும் எடின்பரோ தாவரவியல் தோட்டமும் தங்கள் உலர்தாவரத் தொகுப்புகளை இணையத்தில் வைத்திருக்கின்றன. ஒப்பிட அவையே நல்ல இடம், விற்பனைப் படங்கள் அல்ல.

விதை வழி வந்தவர்களுக்கு

முளைக்கும் விதமே ஓர் அடையாளம். ரெகாலே, ஃபார்மோசானம், பூமிலம், டேவிடை ஆகியவை 18–22 டிகிரியில் சில வாரங்களில் புல் போன்ற இலையை மண்ணுக்கு மேலே நீட்டும். மார்டகன், ஆராட்டம், ஹான்சோனை அப்படியல்ல: 20 டிகிரியில் மூன்று மாதம் மண்ணுக்குள்ளேயே சிறு கிழங்கு கட்டி, 4 டிகிரியில் மூன்று மாதக் குளிர் பெற்ற பிறகே முதல் இலை விடும். மார்டகன் என்று வாங்கிய விதை ஒரே மாதத்தில் பச்சை காட்டினால் அது மார்டகன் இல்லை. மறுபக்கம், மூன்று மாதமாக எதுவும் வரவில்லை என்று தொட்டியைக் கொட்டிவிடவும் கூடாது. ஃபார்மோசானம் ஓராண்டுக்குள் பூக்கும், ரெகாலே இரண்டு மூன்று ஆண்டில், மார்டகன் ஐந்து முதல் ஏழு ஆண்டில்.

நோயா, பசியா

இளந்தளிரில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி ஒரே சீராக மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்துக் குறை. கீலேட் இரும்பு கொடுத்தால் தெளியும். திட்டுத்திட்டாக, கோடுகோடாக வெளிறி, இலை முறுக்கி, பூவின் நிறம் உடைந்து வந்தால் வைரஸ். லில்லி மாட்டில் (Lily mottle) வைரஸும் வெள்ளரி மொசைக் வைரஸும் இப்படிக் காட்டும். மருந்து இல்லை. மண்ணோடு எடுத்து அழியுங்கள், கத்தியைச் சுத்தம் செய்யுங்கள். புலி லில்லி வைரஸைச் சுமந்தும் வெளியே காட்டாமல் செழிப்பாக நிற்கும். அரிய பெயரில் வந்தது புலி லில்லி என்று தெரிந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் மற்ற லில்லிகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கீழ் இலையிலிருந்து மேலேறும் நீள்வட்டப் பழுப்புப் புள்ளிகள் போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை நோய். இலையை நனைக்காமல் காலையில் அடியில் மட்டும் நீர் விட்டு, காற்றோட்டம் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும்.

பெயர் கிடைத்த பிறகு

இப்போதுதான் இடத்தை மாற்றலாம். ஹென்றியை, கேன்டிடம் இரண்டும் சுண்ணாம்பு மண்ணில் தயங்காது. ஆராட்டமும் ஸ்பெசியோசமும் அமில மண் கேட்கும். நேபாலென்ஸுக்குக் குளிர்காலம் முழுக்க உலர்வு வேண்டும். கூரைக்குக் கீழே நகர்த்துங்கள்.

லேபிளில் பழைய பெயரை அழிக்க வேண்டாம். எண், "இன்ன பெயரில் வந்தது", வந்த ஆண்டு, "இன்ன இனம் எனக் கண்டது", எந்த அடையாளத்தால் என்று வரிசையாக எழுதுங்கள். உறுதி இல்லையென்றால் இனப் பெயருக்குப் பின் கேள்விக்குறி போடுங்கள். அருகில் வேறு லில்லிகள் பூத்திருந்தால், அந்தச் செடியின் விதை கலப்பாக இருக்கலாம். தூய விதை வேண்டுமென்றால் மொட்டு விரியும் முன் மகரந்தப்பைகளை எடுத்துவிட்டு, அதே இனம் என்று உறுதியான, வேறு விதையிலிருந்து வந்த செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, மெல்லிய துணிப்பை கட்டுங்கள். பெயர் உறுதியாகாத செடியின் விதையையும் செதிலையும், விற்றவர் சொன்ன பெயரில் யாருக்கும் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எண்ணோடும் படங்களோடும் கொடுங்கள்.